தெக்லாவின் கையெழுத்து

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு மறுநாள் காலையில், சங்குமுனைத்துறை ஏலக்கூடத்தில், சாளை மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த பிரிஜித்தாவின் பிடரியில், கொண்டைக்குக் கீழே, 'சவத்து மூதி' என்று நல்ல நீல நிறத்தில் எழுதியிருந்ததை அவளுடைய மாமியார் பிலோமிதான் முதலில் பார்த்தாள். பார்த்தவள் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தச் சொல்லை மருமகள்மேல் வீசியவள் அவளேதான். எழுத்தும் அவளுடையதுதான், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன, வலப்பக்கம் சரிந்து விழுகிற எழுத்து. "கழுத்துல என்னமோ ஒட்டிருக்கு, கழுவிட்டு வாட்டி, வேல கெடக்கு" என்று மட்டும் சொன்னாள். பிரிஜித்தா கடல் தண்ணீரில் தேய்த்தாள், டீசலில் தேய்த்தாள், ஈர மணலை அள்ளித் தேய்த்தாள். தோல் உரிந்தது, எழுத்து உரியவில்லை. மத்தியானத்துக்குள் ஏலக்கூடத்தில் இருந்த ஆணும் பெண்ணும் ஒருவர் கழுத்தை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சொன்னது அன்றே வந்தது. பழசெல்லாம் அடுத்த ஒரு வாரத்துக்குள், சொன்ன வரிசைப்படி, திருவிழாவுக்கு வருகிற உறவுக்காரர்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து தங்கிக்கொண்டது. திட்டு வாங்கியவர் தோலில், திட்டியவர் கையெழுத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் திட்டியது கைநாட்டாக விழுந்தது, பெருவிரல் ரேகை பளிச்சென்று தெரிகிற நீலக் கைநாட்டு. அது என்ன வார்த்தை என்று யாருக்கும் தெரியாது, எந்த வார்த்தையாக இருந்தால் என்ன, விரல் யாருடையது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டதே.

சங்குமுனைத்துறை இதைச் சாப்பிட்டுச் செரித்த வேகத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். சுகாதார நிலையத்து டாக்டர் அலர்ஜி என்று எழுதி வெள்ளை மாத்திரை கொடுத்தார், அவருடைய கம்பவுண்டர் காதோரத்தில் டாக்டரின் கையெழுத்திலேயே 'மடையன்' என்று இருந்ததால் மாத்திரையை யாரும் விழுங்கவில்லை. தையல்காரர் முழுக்கை ரவிக்கையும் கழுத்து மூடின ஜாக்கெட்டும் தைத்துத் தைத்து விரல் வீங்கிப் படுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் நகையை விசாரிப்பதை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் தம்பியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், அவன் முதுகில் அண்ணன்காரன் என்ன எழுதியிருக்கிறான் என்று வாசித்துவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் வாங்கினார்கள். கோபத்தை அடக்க முடியாதவர்கள் கடலைப் பார்த்துத் திட்டினார்கள், அடுத்த நாள் வலையில் வந்த பாறை மீன் முழுக்க ஊர்க்காரர்களின் கெட்ட வார்த்தை, வியாபாரிகள் மீனைப் புரட்டி வாசித்துச் சிரித்துவிட்டு லாரியை வெறுமையாகத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் கடலைத் திட்டக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். மனுஷனைத் திட்டக்கூடாது என்று தீர்மானம் போட யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஊரில்தான் தெக்லா இருந்தாள். நாற்பத்தாறு வயது, போட் இன்ஜின் மெக்கானிக் வியாகப்பனுக்குப் பெண்சாதி, பத்தாம் வகுப்பு படிக்கிற அமலோற்பவத்துக்கு, ஊர் கூப்பிடுகிறபடி அமலிக்கு, அம்மா. சிஸ்டர்மார் நடத்தின கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். அங்கே ஒரு கெட்ட வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை, வந்தால் மரஸ்கேல் முட்டியில் விழும். கல்யாணம் ஆகி இந்தக் கடற்கரைக்கு வந்த முதல் வருஷம் அக்கம்பக்கம் பேசுகிற பேச்சைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவள், இரண்டாம் வருஷம் அதைக் கற்றுக்கொண்டாள். எதைப் படித்தாலும் முதல் ரேங்க் எடுக்கிற பிறவி, இதிலும் எடுத்தாள். பொறுமை என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. பால்காரன் இரண்டு நிமிஷம் பிந்தினால் 'எழவெடுத்தவன்', ரேஷன் கடையில் வரிசை நகராவிட்டால் முன்னால் நிற்கிறவன் 'பேதியில போவான்', பாத்திரம் விழுந்து சத்தம் கேட்டால் யார் கையிலிருந்து விழுந்தது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அமலிக்கு ஒன்று.

ஊரில் மனு எழுத வேண்டும், வெளிநாட்டுக் கப்பலில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் எல்லோரும் வருவது தெக்லாவிடம்தான். நாலுகோட்டு நோட்டில் அச்சுப்போல எழுதிப் பழகின, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக முதுகு நிமிர்த்தி நிற்கிற கையெழுத்து. ஆகையால் பால்காரன் முழங்கையில், ரேஷன் கடைக்காரன் கன்னத்தில், ஆட்டோக்காரன் தொண்டைக்குழியில் அது தோன்றியபோது ஊரே பெயர் கேட்காமல் தெரிந்துகொண்டது. "அக்கா எழுத்து எவ்வளவு லட்சணம் பாத்தியா, திட்டுனாலும் வாசிக்கத் தோணுது" என்று ஆட்டோக்காரன் சட்டைக் காலரை விலக்கிக் காட்டிச் சிரித்தான். தெக்லாவுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருமையாகவும் இருந்தது. அவள் தோலில் ஒன்றும் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை, ஏனென்றால் அவளைத் திட்ட ஊரில் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு ஊரிலேயே அவள் ஒருத்திதான் குட்டைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள்.

பொங்கல் கழிந்து, கோயில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவை கூடியது. உபதேசியார் தொபியாஸ் முப்பது நல்ல வார்த்தைகளைப் பட்டியல் போட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் வாசித்து, கோயில் கதவில் ஒட்டினார். இனிமேல் திட்டத் தோன்றினால் இந்தப் பட்டியலிலிருந்துதான் எடுத்துத் திட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த நாளே கடற்கரை பரிசுத்தமாகிவிட்டது. "ஏலே, ஆசீர்வதிக்கப்பட்ட பயலே, கயித்த விடாதல!" என்று போட்டுக்காரர் அலறினார். "பாக்கியவதி, ஒன்னக் கட்டிட்டு வந்த நாளுலேர்ந்து இந்த வீட்டுல சமாதானம் உண்டாட்டி!" என்று பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு மருமகளைப் பார்த்துச் சொன்னாள். குழாயடியில் இரண்டு பெண்கள் ஒருத்தி குடத்தை ஒருத்தி உதைத்துக்கொண்டு "நீ அருள் நிறைஞ்சவடி!", "நீதான்டி, ஒங்க வம்சமே அருள் நிறைஞ்ச வம்சம்!" என்று காறித் துப்பினார்கள். தெக்லா பட்டியலை ஒரே நாளில் மனப்பாடம் செய்து, எண் வரிசைப்படி பயன்படுத்தினாள்.

இரண்டு நாள் ஒன்றும் எழுதப்படவில்லை. கோயிலில் நன்றிப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எல்லாம் வந்தது. பட்டியல் வார்த்தை வரவில்லை, பட்டியல் வார்த்தைக்குப் பின்னால் வாய்க்குள் எது நின்றதோ அது வந்தது, முன்னைவிடப் பெரிய எழுத்தில், ஊசியால் குத்தினதுபோல ஆழமாக. பரிசுத்த வார்த்தையில் திட்டுகிற தப்பைச் செய்ய வேறு எந்த ஊருக்கும் புத்தி போயிருக்காது. தொபியாஸ் பட்டியலைக் கிழித்துக்கொண்டு போனார், அவர் புறங்கையில் பேரவைத் தலைவரின் கையெழுத்து இருந்தது.

பிரிஜித்தா செத்தது, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் இல்லை, அடி இல்லை, கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஊரில் பெண்கள் செத்தால் குளிப்பாட்டி உடுத்துவது கோயில் பெண்கள் சங்கமான மரியாயின் சேனையின் வேலை, தெக்லா அதில் செயலாளர். நாலு பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு சேலையை அவிழ்த்தார்கள், அவிழ்த்தவர்கள் கையை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். வெறும் இடம் என்பதே அவள்மேல் இல்லை. வயிற்றில், தொடையில், விரல் இடுக்கில், இமைமேல், உள்ளங்காலில், பிலோமியின் சாய்ந்த எழுத்து, நடுநடுவே புருஷனுடைய கைநாட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இடம் பார்த்து இடம் பார்த்து நிரப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரை ஊற்றினார்கள், நீலம் அப்படியே மினுங்கியது. தாடையைக் கட்டுவதற்காகத் தெக்லா அவள் வாயை மூடப்போனபோது உதடு விலகி நாக்கு தெரிந்தது. நாக்கிலும் எழுதியிருந்தது. அதுதான் கடைசி. வெளியே இடம் தீர்ந்து உள்ளே போயிருக்கிறது, உள்ளே எவ்வளவு தூரம் போயிற்று என்பது தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் சொன்னதுதாம்ட்டி அது" என்றாள் பிலோமி கதவுக்கு வெளியிலிருந்து, யாரும் கேட்காமலேயே. "சும்மா வாய்ப்பழக்கத்துல வந்துட்டு. மனசுல ஒண்ணும் இல்ல. கேட்டுப் பாருங்க, மனசுல ஒண்ணும் இல்ல."

யாரைக் கேட்பது?

தெக்லா சவக்குழிக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள், பிறகு ஓடினாள். இந்த நாலு மாதமாக அமலி கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் குளித்தாள், உடைமாற்றினாள், வீட்டுக்குள்ளேயும் பள்ளிக்கூட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். வயசுப் பிள்ளைக்குக் கூச்சம் என்று தெக்லா விட்டுவிட்டாள். தெக்லாவுக்கு வேண்டியிருந்ததும் பார்க்காமல் இருப்பதுதான், இப்போது நினைத்தால் தெரிகிறது.

"சட்டையக் கழத்து."

"எதுக்கு?"

"கழத்துன்னா கழத்துட்டி, மூ..." என்று ஆரம்பித்துத் தெக்லா தன் வாயைத் தன் கையாலேயே பொத்தினாள்.

அமலி சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றாள். தெக்லா வாசித்தாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவளைப்போல மேலிருந்து கீழே, வரி தவறாமல் வாசித்தாள். மூன்று வயதில் பாலைக் கொட்டினதற்கு, ஐந்து வயதில் செருப்பைத் தொலைத்ததற்கு, காய்ச்சலில் வாந்தி எடுத்துப் பாயை நனைத்ததற்கு, கணக்கில் முப்பத்தெட்டு வாங்கினதற்கு, வயசுக்கு வந்த அன்றைக்கு, அதுவும் நாள் பார்த்து வந்தாயா என்று கேட்டதற்குப் பின்னால் ஒரு சொல். இன்னொருத்தர் எழுத்து ஒன்றுகூட இல்லை. பால்காரனுக்கும் ஆட்டோக்காரனுக்கும் ஒவ்வொன்று கொடுத்தவள் வீட்டுக்குள் முழு நோட்டையும் எழுதியிருந்தாள், அடித்தல் திருத்தல் இல்லாமல், முதுகு நிமிர்த்தின எழுத்தில். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் வெறும் தோலாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. மகளுக்கு அங்கே மச்சம் இருப்பது தெக்லாவுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"கண்ணாடி வச்சு அளந்துட்டேம்மா" என்றாள் அமலி, சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, டியூஷன் நேரத்தைச் சொல்லுகிற குரலில். "எனக்குத் துணிக்குள்ளதான் விழுது, அதுல இன்னும் பதினாறு வார்த்தைக்கு இடம் இருக்கு. சின்னதா எழுதுனா இருவது போகும். ஆனா நீ கோவத்துல பெருசா எழுதுவ."

அன்றிலிருந்து தெக்லா பேசுவதை நிறுத்தினாள். வாய் திறந்தால்தானே வம்பு. சோறு வேண்டுமா என்பதற்குக் கரண்டியைத் தட்டினாள், நேரமாயிற்று என்பதற்குக் கடிகாரத்தைக் காட்டினாள். மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள், வாயில் துணியை வைத்துக்கொண்டு துவைத்தாள். கூழாங்கல்லை நாக்குக்கடியில் அடக்கிப் பார்த்தாள். வியாகப்பன் தன் முழு ஆயுளிலும் பெண்சாதி வாயிலிருந்து இவ்வளவு அமைதியைக் கண்டதில்லை, முதல் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் பயந்துபோய், "எட்டி, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" என்று கேட்டார். அப்படியும் தப்பிவிட்டது. கல்லைத் துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்த நேரத்தில் ஒன்று, எரிந்த தோசைக்கு ஒன்று, அமலியின் சைக்கிள் சாவி காணாமற்போனதற்கு மூன்று. கோபம் வந்து சொன்னதைவிட, யோசிக்காமல் வந்ததுதான் அதிகம். ஒவ்வொரு முறையும் அமலி குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து எண்ணிக்கையைச் சொன்னாள். பதினொன்று. எட்டு. ஐந்து. இரண்டு. குருத்தோலை ஞாயிறு அன்று, கையிலிருந்த ஓலை கண்ணில் குத்தினபோது, கோயில் வாசலிலேயே ஒன்று.

"ஒண்ணுதாம்மா பாக்கி" என்றாள் அமலி வீட்டுக்கு வந்ததும். "மச்சத்துக்குப் பக்கத்துல."

மறுநாள், பெரிய திங்கள் அன்று, தெக்லா சாமியிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பங்குச் சாமி செலஸ்டினுக்கு முப்பத்திரண்டு வயது, இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். வெயில் கொளுத்துகிற பங்குனியிலும் அங்கியின் கையை விரல்வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், அதற்குள் இருக்கிற எழுத்து யாருடையது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை, ஊருக்கு அது பெரிய குறை.

"திட்டாம இருக்கப் பாக்கேன் சாமி, முடியல" என்றாள் தெக்லா.

"எபேசியருக்குப் பவுலடியார் எழுதினதை நீங்க கான்வென்ட்ல படிச்சிருப்பீங்களே."

"இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணினேன் சாமி. பரிசும் குடுத்தாங்க."

"அதுல முதல் பாதியைத்தான் எல்லாரும் புடிச்சுக்கிட்டிருக்கோம், கெட்ட வார்த்தை வரக்கூடாதுன்னு. மீதிப் பாதி இருக்கும்மா. கேக்கறவங்களுக்கு அப்ப எது தேவையோ அதைச் சொல்லணும், வீடு கட்டுற மாதிரி ஆளைக் கட்டி எழுப்பற பேச்சு பேசணும்னு."

"நல்ல வார்த்தை சொன்னா அந்த எழுத்து அழியுமா சாமி?"

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமி அங்கியின் கை நுனியை விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதும்மா. நான் வந்ததிலேர்ந்து இந்த ஊர்ல யாரும் சொல்லிப் பாக்கலை. நானும் பிரசங்கத்துல சொல்றதோட சரி." பிறகு தாழ்ந்த குரலில், "பட்டியல்லேர்ந்து எடுக்காதீங்க" என்றார்.

தெக்லா வீட்டுக்கு வந்து தேடினாள். அலமாரியைக் கலைத்துத் தேடுகிறதுபோல மனசைக் கலைத்தாள். திட்டுவதற்கு அவளிடம் இருநூறு சொல் இருந்தது, காலைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, விருந்தாளி போன பிறகு ஒன்று. மகளைப் பார்த்து நல்லதாகச் சொல்ல அகப்பட்டதெல்லாம் சிஸ்டர்மார் ரிப்போர்ட் கார்டில் எழுதுகிற வரிகள். அதையே சொல்லிப் பார்த்தாள். பெரிய செவ்வாய் அன்று, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நின்று, "நீ கெட்டிக்காரி. நல்ல ஒழுக்கம். இன்னும் முயற்சி பண்ணினா இன்னும் நல்லா வருவ" என்றாள்.

அமலி சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாள். "கீழ கையெழுத்துப் போட்டு சீல் அடிச்சுருவியாம்மா?"

பெரிய வியாழன் காலையில், தெக்லா கோயிலில் பாதம் கழுவுகிற சடங்குக்குப் பித்தளைத் தாம்பாளங்களைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தபோது, நடுவீட்டில் பள்ளிக்கூடப் பை வாய் திறந்து கிடந்தது. அமலி அதில் பாவாடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வியாகப்பன் துறையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு நின்றார், வீட்டில் வேறு யாரும் இல்லை.

"எங்க கெளம்புற?"

"தூத்துக்குடிக்கு. அத்தை வீட்டுக்கு. அப்பாட்டச் சொல்லிட்டேன். பத்தேகால் பஸ்."

"பெரிய வாரத்துல கோயிலுக்குப் போவாம அத்தை வீடு என்ன அத்தை வீடு? அங்க போனா ஒடம்புல இருக்கது அழிஞ்சு போயிருமாக்கும்?"

"எழுத்து கூட வரும். எழுதுற ஆளு வரமாட்டால்ல."

தெக்லா வாசற்கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். அது அவள் யோசித்துச் செய்ததில்லை, கால் தானாகப் போய் நின்றது. "நீ போவக் கூடாது" என்றாள். "ஒத்தப் புள்ள. நான் வாயே தொறக்க மாட்டேன். கல்ல வச்சுக்கிடுதேன், துணிய வச்சுக்கிடுதேன்..."

"தள்ளும்மா."

"தள்ள மாட்டேன்."

"ஒனக்குத் தெரியும்லா, ஒண்ணுதான் பாக்கின்னு? பிரிஜித்தாக்காவ நீதான குளிப்பாட்டுன? தெரிஞ்சும் என்னை இங்கயே வச்சுப் பூட்டுறன்னா நீ என்ன அம்மா?" அமலியின் குரல் உயர்ந்தது, பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் உயராத குரல், உயரத் தெரியாமல் நடுவில் உடைந்தது. "கொலகாரி! நீ கொலகாரி!"

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தெக்லா குட்டைக்கை ரவிக்கைதான் போட்டிருந்தாள். வலது முழங்கைக்குக் கீழே, உட்புறத்துத் தோலில், முதலில் எறும்பு ஊர்கிறதுபோல இருந்தது, பிறகு கொதிநீர் பட்டதுபோல இருந்தது. எழுத்து ஒவ்வொன்றாக நீலத்தில் எழும்பி வந்தது. நாலுகோட்டு நோட்டில் பழகின, தனித்தனியாக நிமிர்ந்து நிற்கிற எழுத்து. விரலைப் பிடித்து எழுதப் பழக்கினது தெக்லாதான், சரியாக வராத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வசவு கொடுத்துப் பழக்கினாள். இப்போது எது தன் எழுத்து, எது மகள் எழுத்து என்று அவளுக்கே தெரியவில்லை. இவ்வளவு வலிக்கும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. திட்டு வாங்கினவர்கள் யாருமே சொன்னதில்லை.

அப்போது அது வந்தது. வலித்த மாட்டுக்குக் கொம்பு முன்னால் வருகிறதுபோல அவளுக்கு நாக்கு முன்னால் வந்தது. இருநூறில் பெரியது, இதுவரைக்கும் யார்மேலும் எறியாதது, பெற்ற வயிற்றைச் சேர்த்துத் திட்டுகிறது, மச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இடத்தை ஓரம் விடாமல் நிரப்புகிறது. தொண்டையைத் தாண்டிப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அமலிக்குத் தெரிந்தது. அம்மாவின் முகத்தில் அது வருவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. ஓடவில்லை, கையைக்கூட உயர்த்தவில்லை, தோளை மட்டும் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, ஊசி போடுகிற நர்சுக்கு முன்னால் நிற்கிறதுபோல, கண்ணை மூடினாள்.

அந்த மூடின கண்ணைத் தெக்லா பார்த்தாள்.

"அப்பா முதுகத் தொடைக்கும்போது" என்றாள். அது தன் குரல் என்று நம்ப முடியாமல், தடுமாறி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "துறையிலேர்ந்து அவுக கிரீஸோட வந்து நிப்பாக. சட்டையக் கழத்துவாக. முதுகு பூரா நான் எழுதுனது. நீ துண்ட எடுத்துட்டு வந்து... தொடைக்கதுக்கு முன்னால கண்ண மூடிக்கிடுவ. தொடைச்சு முடிச்சு சட்டையப் போட்டு விட்ட பொறவுதான் தொறப்ப. அவுகளுக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு. யாரும் ஒனக்குச் சொல்லிக் குடுக்கல. நான் அடுக்களையில நின்னு எத்தனையோ நாள் பாத்திருக்கேன். பாத்துட்டு, அடுப்புல சோறு பொங்குதுன்னு திரும்பிப் போயிருவேன்."

அமலி கண்ணைத் திறந்தாள்.

பல்லுக்குப் பின்னால் நின்ற சொல் இன்னும் அங்கேயேதான் நின்றது. இறங்கிப் போகவில்லை, கரையவில்லை. தெக்லா அதை அடக்கிக்கொண்டு நின்றாள், வாயெல்லாம் துரு தின்றதுபோலக் கசந்தது.

"பாரு" என்று அமலி திரும்பிச் சட்டையின் பின்புறத்தை மேலே தூக்கினாள். "எழுதிருக்கா?"

தெக்லா குனிந்து பார்த்தாள். பதினைந்து வருஷத்து நீலம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு புள்ளிகூட அழியவில்லை, வெளுக்கவில்லை. கையில் சுட்டுக்கொண்டிருந்த புதுச் சொல்லும் அப்படியே இருந்தது. மச்சத்துக்குப் பக்கத்தில் வெறும் தோல்.

"இல்ல."

"என்னமும்? லேசாக்கூட?"

"ஒண்ணும் இல்ல. வெறும் தோல்தான்."

அமலி சட்டையை இறக்கினாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், மூடிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்கு" என்றாள். "இன்னொண்ணு சொல்லு."

தெக்லா கதவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். மகளைப் பார்த்தாள், நெற்றியை, காதை, கடித்துக் குதறின நகத்தை, முதல் தடவையாகப் பார்க்கிறதுபோலப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. மூடினாள், மறுபடி திறந்தாள். அமலி அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.